காய்ந்த மூடி

ஏப்ரல் 18

அப்பாவுக்கு,

நேற்று உங்கள் சூப் கிண்ணத்தின் மூடி காய்ந்திருந்தது.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள். இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் மூவரும் சுகம். துறைமுகச் சரிவில் செர்ரி இந்த வருடம் தாமதமாகப் பூத்து ஒரே மழையில் கொட்டிவிட்டது.

இனி மூடி விஷயம். பிப்ரவரியில் நீங்கள் கப்பல் ஏறியதிலிருந்து ஒரு வேளை தவறாமல் உங்கள் இடத்தில் தட்டு வைக்கிறோம். சோறு, ஊறுகாய், மூடி போட்ட மிசோ சூப். அம்மா மாலையில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விடுவதால் இரவுத் தட்டு தம்பி ஹயாதேயின் பொறுப்பு. நான் மீன் ஆலையிலிருந்து வந்து வாடை போகக் குளித்து முடிப்பதற்குள் வைத்துவிடுவான். எங்கள் சாப்பாடு முடிந்ததும் உங்கள் தட்டையும் அவன்தான் காலி செய்வான். "அப்பா போதும்னுட்டாரு, மீதி எனக்கு" என்று தினமும் அதே ஜோக்கைச் சொல்வான்.

நேற்று சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. தட்டு அப்படியே இருந்தது. எடுத்து வைக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஒரு துளிகூட இல்லை.

மூடியில் துளி நின்றால் கடலில் இருப்பவர் சுகம் என்பார்கள். நிற்காவிட்டால் என்ன என்பதை நான் எழுத மாட்டேன். அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. காலையில் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கம்பெனிக்குப் போன் செய்தாள். நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அம்மா நம்பவில்லை. "கம்பெனிக்காரங்க எப்பவும் அப்படித்தான் சொல்வாங்க. மூடிக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றாள்.

இதை நீங்கள் போனில் பேசும்போது கேட்டிருக்கலாம். ரிசீவர் என் கைக்கு வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஸ்கூலை விட்டதும் அதனால்தானே. எழுதினால் எனக்கு வருகிறது.

எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். மேல்தளத்துக்குப் போகும்போது கழுத்தில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

சுஸுனா


மே 14
கியோரின் மாரு கப்பலிலிருந்து

சுஸுனாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இந்த வரியை முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

இடுப்பு வலி என்னோடு ஒரே கட்டிலில் தூங்குகிறது, பழகிவிட்டது. நீங்கள் சுகம் என்று படித்தேன், சந்தோஷம்.

கம்பெனியிலிருந்து செய்தி வந்ததும் கேப்டன் என்னை மேலே கூப்பிட்டார். "ஒனோதெரா, உங்க வீட்ல சூப்பு ஆறிப்போச்சாம். நீ இருக்கியா செத்துட்டியான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. என்னன்னு சொல்லட்டும்?" என்றார். "சாயந்தரம் வரைக்கும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அன்றிலிருந்து கப்பலில் எனக்குப் பெயர் 'காய்ந்த மூடி'. சமையற்காரர் எனக்கு மட்டும் சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார். நாக்கு வெந்துபோகிறது.

நான் இயந்திர அறை ஆள், மகளே. எனக்குத் தெரிந்த வரை மூடியில் துளி நிற்க வேண்டுமானால் உள்ளே சூப் சூடாக இருக்க வேண்டும். காலையில் செய்ததை ஹயாதே அடுப்பு மூட்டாமல் அப்படியே ஊற்றியிருப்பான். அதை அம்மாவிடம் சொல்லாதே. திட்டு விழும், பாவம்.

ஆனால் ஒன்று. அவன் ஏன் என் தட்டைச் சாப்பிடவில்லை? அந்த வயதில் நான் ஊரார் தட்டையெல்லாம் காலி செய்தவன். சோற்றை வைத்துவிட்டு எழுந்தான் என்றால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. அதை மட்டும் எழுது.

மீன் வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்.

அப்பா


ஜூன் 10

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா மூன்று தரம் படிக்கச் சொன்னாள். 'காய்ந்த மூடி' வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. துவைத்தது எதுவும் காய்வதில்லை. இங்கே எல்லாரும் சுகம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு இருமலா?

விரலில் வெட்டுப் பட்டதால் பிளாஸ்திரி வாங்கப் பாலத்தடி மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும், "அப்பாவுக்கு இருமல் இன்னும் நிக்கலியாம்மா? தம்பி போன வாரமும் ரெண்டு பெட்டி மாத்திரை வாங்கிட்டுப் போனானே. கப்பலுக்கு அனுப்பணும்னு சொன்னான். இந்த வயசுல எவ்வளவு பொறுப்பு பாரு" என்றார். குனிந்து வணங்கி "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஹயாதேயிடம் கேட்டேன். "அப்பா போன்ல எங்கிட்ட மட்டும் சொன்னாரு. அம்மாகிட்ட மூச்சு விடாதே, பயந்துடுவா" என்றான். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் வழியெல்லாம் அந்த மூடிதான் ஞாபகம். அவனிடம் மட்டும் சொன்னீர்களே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அவன் இப்போது பாதிக் கிண்ணம்தான் சாப்பிடுகிறான். பேஸ்பால் குழுவிலிருந்து விலகிவிட்டான். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வருடம், அதனால் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குகிறான். ஒருநாள் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "என்னடா?" என்றேன். "காலு மரத்துப்போச்சு" என்றான். இப்போதெல்லாம் நிறையத் தண்ணீர் குடிக்கிறான்.

சூப்பை நான் வந்த பிறகு சூடு செய்து ஊற்றுகிறேன். துளி நிற்கிறது. இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

சுஸுனா


ஜூலை 3

சுஸுனாவுக்கு,

சரக்குக் கப்பல் பக்கத்தில் நிற்கிறது. தபால் பையை இப்போதே கட்டுகிறார்கள்.

எனக்கு இருமல் இல்லை. இந்த வருடம் ஒரு தும்மல்கூட இல்லை. ஹயாதேயிடம் நான் எந்த மருந்தும் கேட்கவில்லை.

மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் இரண்டாம் அதிகாரியிடம் கேட்டேன். அந்த மாத்திரையைப் பிள்ளைகள் கைநிறைய விழுங்குகிறார்களாம். சற்று நேரம் தலை லேசாக, கவலை இல்லாமல் இருக்குமாம். பிறகு அது இல்லாமல் எழுந்து நடக்க முடியாதாம். நெஞ்சு நின்று போனவர்களும் உண்டாம்.

அலையில் ஆண்டெனா உடைந்துவிட்டது. கேப் டவுன் போய்ச் சேரும் வரை போன் கிடையாது. ரேடியோவில் சொன்னால் சுற்றியுள்ள கப்பல் எல்லாம் கேட்கும்.

இன்றே அம்மாவிடம் சொல்.

அப்பா


ஜூலை 5

அப்பாவுக்கு,

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

ஆலைக்கு இந்த வாரம் சுறா நிறைய வந்தது. அம்மா இந்த வாரம் வேலைக்குப் போகவில்லை. வீடு முழுவதையும் சுத்தம் செய்தாள். ஹயாதேயின் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றியிருக்கிறாள். அவன் சுகம். வீட்டில்தான் இருக்கிறான்.

இருமல் பற்றிக் கேட்டிருந்தேன். நான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டேன். அதை மறந்துவிடுங்கள்.

அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். படித்துப் பார்த்துவிட்டு அவளே ஒட்டுவதாகச் சொன்னாள். உங்கள் மூடியில் தினமும் துளி நிற்கிறது.

சுஸுனா


ஜூலை 28

அப்பாவுக்கு,

நேற்று உங்கள் அவசரக் கடிதம் வந்தது. இதை ஆலையில், சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று படித்ததும் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அப்புறம்தான் வெட்கமாக இருந்தது.

கடலில் இருப்பவருக்குக் கெட்ட செய்தி எழுதக்கூடாது என்று அம்மா சொல்கிறாள். மனசு வீட்டில் இருந்தால் கை தூண்டில் முள்ளில் மாட்டும் என்கிறாள். துறைமுகத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் போன கடிதம் அப்படி இருந்தது. இதை அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஜூன் கடைசியில் ஹயாதே ஸ்கூல் மாடிப்படியில் விழுந்துவிட்டான். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நாங்கள் போனபோது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, அம்மாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்ததாம். இன்னும் கொஞ்சம் விழுங்கியிருந்தால் என்று சொல்லிவிட்டு டாக்டர் நிறுத்திக்கொண்டார். அவன் பேஸ்பால் கையுறைக்குள் காலி மாத்திரை அட்டைகள் இருந்தன.

இப்போது பிழைத்துக்கொண்டான். ஆனால் எங்களோடு பேசுவதில்லை. அம்மா தினமும் அவன் பையைக் கொட்டிப் பார்க்கிறாள், சட்டைப் பையைத் துழாவுகிறாள், வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். "உங்கப்பா அங்க உப்புத் தண்ணியில செத்துட்டிருக்காரு, நீ இங்க மாத்திரை தின்னுட்டிருக்கே" என்று கத்துகிறாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: "திட்டவே வேணாம்னு சொல்லலை. ஆனா திட்டு வாங்கின அப்புறமும் அவன் உங்ககிட்டயே வந்து உக்காரணும். இல்லேன்னா அடுத்த தடவை யார்கிட்டயும் வரமாட்டான்." அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மறுபடி பையைக் கொட்டினாள். அவளுக்கும் தூக்கம் இல்லை, அப்பா.

ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கேட்க வராது. ஆனாலும் கேட்டேன்.

"ஏன்டா?"

"உனக்குப் பயமா இருந்துச்சு, ஸ்கூலை விட்டே. நான் எதை விடறது? இந்த வீட்ல பாஸாக வேண்டிய ஆளு நான் ஒருத்தன்தானே மிச்சம்."

"அப்பாகிட்ட சொல்லிருக்கலாம்ல."

"எப்போ? போன்ல 'அம்மா பேச்சைக் கேளு'க்கும் 'அம்மாகிட்ட குடு'க்கும் நடுவுலயா?"

அவன் கடலில் கல் எறிந்துகொண்டே, "வீட்ல இல்லாத ஆளுக்கு மூணு வேளையும் தட்டு. மூடியில துளி இருக்கா, இல்லையான்னு பாக்க ரெண்டு பேரு. நான் ஆறின சோத்தைத் தின்னுட்டு ஜோக் அடிக்கணும்" என்றான்.

இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். எழுதாவிட்டால் உங்களுக்கு வேறு யார் சொல்வார்கள்?

உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுஸுனா


ஆகஸ்ட் 19

ஹயாதேவுக்கு,

உன் அக்கா எழுதியதைப் படித்தேன். இங்கே முழங்கால் வரை தண்ணீரில் நின்று நான் யாருக்காக உழைக்கிறேன் என்று யோசித்தாயா? மாத்திரைக்கு என் பெயரைச் சொல்ல உனக்கு வாய் எப்படி வந்தது? அந்தக் கடைக்கார அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உனக்கு என்ன குறை? சோறு இல்லையா, துணி இல்லையா? ஒனோதெரா வீட்டில் இதுவரை இப்படி ஒருவன் பிறந்ததில்லை.

நான் வரும் வரை ஸ்கூலைத் தவிர எங்கும் போகாதே. உன் போனை அம்மாவிடம் கொடுத்துவிடு. மீதியை நேரில் பேசிக்கொள்கிறேன். அம்மா பேச்சைக் கேள்.

அப்பா


ஆகஸ்ட் 27

சுஸுனாவுக்கு,

உங்கள் மூவரின் சுகம் கேட்கிறேன். ஓபோன் பண்டிகை முடிந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கையும் பத்திரம்.

போன வாரம் ஹயாதேவுக்கு ஒரு கடிதம் எழுதி, கோபம் ஆறுவதற்குள் தபால் பையில் போட்டுவிட்டேன். பைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன், கேப்டன் பிரிக்கமாட்டேன் என்கிறார். சரக்குக் கப்பல் தாமதம் என்பதால் இந்தக் கடிதமும் அதோடுதான் வந்து சேரும். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீயே பார்த்துக்கொள். உன்மேல் பாரத்தை ஏற்றுகிறேன் என்று தெரிகிறது.

கோபம் எப்படி ஆறியது என்று சொல்கிறேன். மீன் உறைய வைக்கும் அறையில் குழாய் கசிந்தது. முதலில் பார்த்தவர் சகாமோதோ. என்னைவிட வயதில் மூத்தவர், கப்பலில் எண்ணெய் போடும் வேலை. பார்த்தும் சொல்லாமல் துணியைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிடித்த சூரை மீன் அத்தனையும் போயிருக்கும். "ஏன்யா சொல்லலை?" என்று பாய்ந்தேன். "இப்படிக் கத்துவேன்னுதான்" என்றார். பேரன் எடுத்த மனுஷன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் அதைத்தான் நினைக்கிறார்கள் என்று தெரிந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. 'அம்மா பேச்சைக் கேளு'க்கும் 'அம்மாகிட்ட குடு'க்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மூச்சு விடக்கூட இடம் இல்லை.

தட்டு விஷயத்தில் அவன் சொன்னது சரி. எனக்கு இங்கே சமையற்காரர் நாக்கு வேகும் அளவுக்கு ஊற்றுகிறார். என் தட்டை எடுத்துவிடுங்கள். அவனுக்கு வையுங்கள். மூடி போட்டு வையுங்கள். அவன் வரும்வரை யாராவது ஒருவர் உட்கார்ந்திருங்கள். மாத்திரை இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, அதில் விட்டுக்கொடுக்க முடியாது. அதை அவனிடம் சொல்லுங்கள். ஆனால் சூடான சோற்றை வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

செப்டம்பரில் கேப் டவுன் போனதும் போன் சரியாகும். ஹயாதேயிடம் மட்டும் பேசுவேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற மாதிரி ஒரு கேள்வி இருந்தால் எழுது.

நீ எழுதினாயே, அதற்கு நன்றி. ரிசீவரைப் பிடித்தால் பேச வராத பிள்ளை நீ. வீட்டில் எனக்கு உண்மையைச் சொன்னது நீ ஒருத்திதான்.

அப்பா


செப்டம்பர் 25

அப்பாவுக்கு,

கேப் டவுனில் குளிர் எப்படி? இங்கே இலையுதிர்காலத்தின் முதல் மீன் வந்துவிட்டது, தெருவெல்லாம் சுட்ட வாசம். எல்லாரும் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. கோபக் கடிதத்தை ஒளித்து வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் வீட்டில் இந்த வருடம் நிறைய ஒளித்துவிட்டோம். ஹயாதேயிடம் சொன்னேன். "ரெண்டு இருக்குடா. ஒண்ணு உனக்கு, முழுக்கத் திட்டு. இன்னொண்ணு எனக்கு எழுதினது, நீயும் படிக்கலாம்."

"திட்டை முதல்ல குடு" என்றான்.

நின்றுகொண்டே படித்தான். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தான். "அப்பா எனக்குன்னு எழுதினது இதுதான் முதல் தடவை, தெரியுமா?" என்றான். சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது கடிதத்தைத் தன் அறைக்கு எடுத்துப்போய்விட்டான். இன்னும் திருப்பித் தரவில்லை.

அம்மாவிடம் தட்டு விஷயத்தைச் சொன்னபோதுதான் சண்டை. "கடல்ல இருந்துக்கிட்டே தன் தட்டை எடுக்கச் சொல்ற மனுஷன் உலகத்துலயே உங்கப்பா ஒருத்தர்தான். வெயில்ல மூளை உருகிடுச்சா? நான் எடுக்கமாட்டேன்" என்றாள். எடுக்கவும் இல்லை. அதற்குப் பதிலாக உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். கடைக்குப் போய் உங்களுடையது போலவே மூடி போட்ட கிண்ணம் வாங்கிவந்தாள். முதியோர் இல்லத்தில் கேட்டுக் காலை வேலைக்கு மாறிக்கொண்டாள்.

முதல் நாள் சரியாக வரவில்லை. அவன் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா, "இன்னைக்கு எங்க போனே, யார்கூட போனே, பையைக் காட்டு" என்று ஆரம்பித்துவிட்டாள். அவன் எழுந்து போய்விட்டான். அம்மா அவன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அறை வாசலில் போய் நின்று, "பையை இனிமே நான் தொடமாட்டேன். எங்க போறேன்னு மட்டும் நீயே சொல்லிட்டுப் போ. மாத்திரை வேணும்னு தோணுச்சுன்னா அதையும் சொல்லு. நான் திட்டுவேன். திட்டாம எனக்கு இருக்க முடியாது. ஆனா துரத்தமாட்டேன்" என்றாள். அம்மா இத்தனை நீளமாகத் திட்டாமல் பேசி நான் கேட்டதில்லை. அவன் வந்து உட்கார்ந்தான். மூடியிலிருந்து தண்ணீர் அவன் சட்டைக் கையில் சொட்டியது. தாழ்ப்பாளை மறுநாள் அம்மாவே மாட்டினாள்.

மருந்துக்கடை அம்மாவிடம் நான் போய் உண்மையைச் சொன்னேன். தனியாகப் போனேன். அவர் எனக்கு முன் தலை குனிந்து, கேட்காமல் விற்றேனே என்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் போனுக்கு ஒரு கேள்வி. கொட்டகையில் கிடந்த பழைய படகு எஞ்சினை அவன் பிரித்துப் போட்டிருக்கிறான். எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. அதைக் கேளுங்கள். தயவுசெய்து அந்த இரண்டு வாக்கியம் மட்டும் வேண்டாம்.

சுஸுனா


அக்டோபர் 21

அப்பாவுக்கு,

ஹயாதே எழுதுகிறேன். சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று போனில் கேட்ட குரலை வைத்து நம்புகிறேன்.

நீங்கள் எஞ்சினைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. உங்களுக்குப் பின்னால் போனுக்கு வரிசையில் நின்றவர் திட்டியது எனக்கும் கேட்டது. நீங்கள் சொன்னபடி மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன், பிஸ்டன் கழன்றுவிட்டது. வளையம் ஒன்று உடைந்திருக்கிறது. படம் வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். புதிது எங்கே கிடைக்கும்?

டாக்டரிடம் போய் வருகிறேன். ஸ்கூலுக்கு இப்போதைக்குப் பாதி நாள். இன்னும் மருந்துக்கடை வந்தால் கால் தானாக மெதுவாகிறது. அதை அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் தேய்த்து முடிக்கும் வரை திட்டினாள். அப்புறம் முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

எனக்கு என் தட்டிலேயே வயிறு நிறைகிறது. உங்கள் மீதியைப் பக்கத்து வீட்டுப் பூனை சாப்பிடுகிறது. கொழுத்துவிட்டது. நீங்கள் வந்தால் அது உங்களை வீட்டுக்குள் விடாது.

ஹயாதே


நவம்பர் 22

அப்பாவுக்கு,

கடைசியில் எழுத வேண்டியதை இந்த முறை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கப்பல் பிப்ரவரியில் வரும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அம்மா சுகம், நான் சுகம்.

நேற்று மாலை அம்மா அக்கம்பக்கத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். உங்கள் தட்டையும் ஹயாதேயின் தட்டையும் நான்தான் வைத்தேன். வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு அவன் வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேடிப் போகலாமா என்று இரண்டு தரம் செருப்பு மாட்டிக் கழற்றினேன். இருட்டிக்கொண்டு வந்தபோது கதவு திறந்தது.

அவன் கோட்டைக் கழற்றவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் நின்று உள்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். நாங்கள் எல்லாரும் அறிந்த அதே இருமல் மாத்திரைப் பெட்டி.

"ஸ்டேஷனைத் தாண்டி இருக்கற கடையில வாங்கினேன். ஸ்கூல்ல தேர்வு பாதியிலயே பேனாவைக் கீழ வெச்சிட்டு எழுந்து வந்துட்டேன், அக்கா. நேரா அங்கதான் போனேன். பாரு, பிரிக்கலை."

பார்த்தேன். பிரிக்கவில்லை.

"ரொம்ப நேரம் பாலத்துல நின்னேன்" என்றான். "கடையில மறுபடியும் அப்பாவுக்குன்னுதான் சொன்னேன். அவருக்குன்னு வாங்கினது, அவர் தட்டுலயே இருக்கட்டும்."

உங்கள் சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் அதை வைத்தான்.

எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பாவாக இருந்தால் என்ன சொல்வார், அம்மாவாக இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன்.

"அம்மாகிட்ட நீ சொல்றியா?" என்றான்.

"நீயே சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"திட்டுவா."

"திட்டுவா. அப்புறம் முட்டை."

அவன் மூக்கை உறிஞ்சினான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தான். கிண்ணத்தின் மூடியைத் திறந்து உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். காத்திருந்த நேரத்தில் சூப் ஆறி, மூடியும் காய்ந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

நான் அந்தக் கிண்ணத்தை எடுத்துச் சூப்பைப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தேன்.